டேங்குக்குள் சகலையின் கை

என் மனைவியின் அக்கா புருஷன், அதாவது என் சகலை, என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் மாமனார் வீட்டில் அவர்தான் மூத்த மாப்பிள்ளை. ஐம்பத்திரண்டு வயதில், தலை முழுக்க நரைத்து, மூட்டு வலியோடு நான் இன்னும் சின்ன மாப்பிள்ளை. எந்தப் பேச்சு வந்தாலும், “பெரியவர் என்ன சொல்றாரு?” என்று அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இரண்டாவது மாப்பிள்ளையாக ஒரு வருஷம் இருந்து பார்க்க வேண்டும்.

அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் பம்ப், ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்த ஒரே கிறுக்கு, பாதிப் பாதி போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியது. முப்பத்தைந்து வருஷப் படகு. பாய் நன்றாக இருந்தது, மரம் நன்றாக இருந்தது, டீசல் டேங்க் மட்டும் ஒழுகியது. காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு சின்ன எஞ்சின் உண்டு. அதற்கான டேங்க், எஞ்சினுக்குப் பின்னால், ஆட்கள் உட்காரும் பலகைக்கு அடியில், ஆள் நுழைய முடியாத ஒரு பொந்தில் கிடந்தது. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் எஞ்சினைத் தூக்க வேண்டும். படகைக் கட்டியவன் முதலில் டேங்கை வைத்துவிட்டுப் பிறகு மற்றதை எல்லாம் அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். அவன் வாயில் மண் விழ.

அதனால் இருந்த இடத்திலேயே உள்பக்கமாக அடைப்பது என்று முடிவு செய்தோம். டேங்கின் மேல்தகட்டில் டீ சாஸர் அகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு தடுப்புத் தகடு நின்றது. படகு சாயும்போது டீசல் ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடாமலிருக்க அப்படி வைப்பார்கள். தடுப்பிலும் கை நுழையும் அளவு ஒரு துளை. அதற்கு அந்தப் பக்கம், அடியில், பின் மூலையில்தான் வெல்டிங் துருப்பிடித்துப் போயிருந்தது. அங்கே எபாக்ஸிப் பசையைப் பூசி இறுகவிட்டால் ஒழுகல் நிற்கும். என் கை தடுப்புத் துளையில் முழங்கைக்குக் கீழேயே சிக்கிக்கொண்டது. சகலையின் கை மெலிந்த கை. ஆக, பூசுவது அவர் வேலை, கழுவுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. டீசல் பிசுக்கு துளி இருந்தாலும் எபாக்ஸி ஒட்டாது. சூடான சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவி, ஒன்றரை நாள் காயவிட வேண்டும். இதை அவருக்கு விளக்கிச் சொன்னவனே நான். ஆனால் படகைத் தண்ணீரில் இறக்கும் கிரேன் அந்த வாரக் கடைசியில் ஒரு காலைக்குப் பதிவாகியிருந்தது. நானோ நடுவில் மூன்று நாள் வேறு வேலையில் போய்விட்டேன். கிரேன் வருவதற்கு முந்தின மாலைதான் வந்து, ஒரே தடவை சோப்புத் தண்ணீர் விட்டு அலசினேன். மீதிப் பிசுக்குக்கு இரண்டு லிட்டர் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி, உறிஞ்சி எடுத்து, துணியால் துடைத்தேன். பெட்ரோல் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் அதன் ஆவி தரையோடு தரையாகக் கிடக்கும், மூலை முடுக்கில் தேங்கி நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அடுத்தவனுக்கு அதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஒரு இரவு திறந்து கிடந்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையிலேயே சகலை வந்துவிட்டார். கிரேனை அன்று சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். படகுகளை ரிப்பேருக்கு ஏற்றும் முற்றத்தில், இரும்பு முட்டுகளின் மேல் எங்கள் படகு நின்றது. ஏணியில் ஏறி உள்ளே இறங்கியவர் மூக்கைச் சுளித்தார்.

“பெட்ரோல் வாசனை அடிக்குதே?”

“பக்கத்துப் படகுல பெயிண்ட் அடிக்கிறாங்க. தின்னர் வாசனை.”

ஒரு ‘ஆமா’ சொல்லியிருந்தால் போதும். வேலை ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால், “சோப்புத் தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று அவர் அமைதியாகக் கேட்பார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியாது.

டேங்க் ஓட்டையருகே குனிந்து மறுபடியும் கேட்டார். “சகலை, உள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“டானிக் பாட்டில் மோந்த மூக்குக்கு எல்லாம் பெட்ரோலாத்தான் இருக்கும். கலக்குங்க சீக்கிரம்.”

அவர் ஒரு தராசே கொண்டுவந்திருந்தார். எபாக்ஸியையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கிராம் கணக்கில் நிறுத்தார். டப்பாவின் மேல் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்றார். நேரமில்லை, மொத்தத்தையும் ஒரே கப்பில் கலக்குங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டினார். பிறகு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தகட்டின் விளிம்பு கையைக் கிழித்துவிடக் கூடாது என்று, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் கிரேப் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார். “சண்டைக்கா போறீங்க?” என்று சிரித்தேன்.

எஞ்சின் மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டு அவர் குப்புறப் படுத்தார். தலை பலகைக்கு அடியில் இருந்தது. கப்பைப் பிடித்த வலது கை தோள் வரைக்கும் டேங்குக்குள் போனது. நான் அவர் காலருகே உட்கார்ந்து கைவிளக்கைப் பிடித்திருந்தேன்.

“சகலை.” இப்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. “கண்ணு எரியுது. நெஜமாவே பெட்ரோல் இல்லையே?”

“இல்லைங்க. எத்தனை தடவை சொல்றது?”

அது மூன்றாவது தடவை.

பத்து நிமிஷம் பூசினார். மூலை நன்றாக மூடிவிட்டது, கப்பில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது என்றார். கையை வெளியே இழுத்தார். வரவில்லை. திருப்பி இழுத்தார். கப்பை உள்ளேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. தடுப்புத் துளையின் விளிம்பு அந்தப் பக்கமாக மடங்கியிருந்திருக்கிறது. உள்ளே போகும்போது வழுக்கி விட்டது, திரும்பும்போது பேண்டேஜைப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்கப் பேண்டேஜ் சுருண்டு, பாட்டிலில் தக்கை ஏறின மாதிரி, அவர் கையை அந்தத் துளையில் இறுக்கியது.

“பதறாதீங்க, கையை லூசா விடுங்க” என்றேன். விட்டார். இழுத்தேன். வலியில் கத்தினார்.

“சகலை, விரல் பக்கத்துலயே கப்பு சூடாகுது.”

எபாக்ஸியை மெல்லிசாகப் பூசினால் சமர்த்தாக இறுகும். கப்பில் மொத்தமாகக் கிடந்தால் தானாகவே சூடாகும், புகையும், கப்பே உருகும். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவி பற்றுமா, பற்றாதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கை உள்ளே இருக்கும்போது தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

“கிரைண்டர் எடுங்க” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. “மேல் தகட்டை இன்னும் கொஞ்சம் வெட்டிட்டா உங்க கையும் உள்ள வரும். நீங்க பேண்டேஜை அவுத்துடலாம்.”

சரியான யோசனை. பெட்ரோல் மட்டும் இல்லையென்றால் நானே அதைத்தான் செய்திருப்பேன். இரும்பை அறுக்கிற அந்தக் கிரைண்டர் சக்கரம் தகட்டில் பட்டால் பூவாணம் மாதிரிப் பொறி பறக்கும்.

“இதோ” என்று சொல்லி மேல்தளத்துக்கு ஏறினேன். கருவிப் பெட்டியைத் திறந்தேன். கிரைண்டர் இருந்தது. அதன் பக்கத்தில், அதில் மாட்டும் கட்டிங் வீல் பாக்கெட், முந்தாநாள் வாங்கியது, பிரிக்காமல் இருந்தது. அங்கேயே நின்றேன். சொல்லிவிடு என்று மனசு சொன்னது. சத்தியமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கட்டிங் வீல் இல்ல, சகலை. தீர்ந்துபோச்சு!”

சொன்ன நொடியிலேயே என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் மனசின் ஒரு ஓரத்தில், அப்பாடா என்று ஒரு நிம்மதியும் இருந்தது. வெட்டாமல் காப்பாற்றிவிட்டேனே, காரணம் எதுவானால் என்ன? கைவிளக்கின் ஒயரை ஏணி வழியாக இறங்கிப்போய்க் கீழே இருந்த கரண்ட் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். உள்ளே இருந்த சுவிட்சைத் தட்டினால் அதுவே பொறி. படகு பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்தது, அதனால் படகுக்குள் வேறு கரண்ட் இல்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம்.

“என்னங்க, வெளக்கு போச்சு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கரண்ட் போச்சு!” இது எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை.

தண்ணீர்தான் வழி என்று அப்போது எனக்குப் பிடிபட்டது. டேங்கில் தண்ணீர் நிரப்பினால் கப்பு குளிரும், ஆவியும் வெளியேறும். முற்றத்துக் குழாய் நாலு படகு தள்ளி இருந்தது. ஓடினேன். ஹோஸ் சிக்கலாகக் கிடந்தது. அதைப் பிரிக்கும்போதே எங்கள் படகிலிருந்து சகலை கத்துவது கேட்டது.

“தச்சரே! தச்சரே! கிரைண்டர் இருந்தா எடுத்துட்டு வாங்க! கை மாட்டிக்கிச்சு!”

பக்கத்துப் படகில் வேலை செய்த தச்சருக்கு எங்களுக்குள் ‘ரம்பம்’ என்று பெயர். பேச ஆரம்பித்தால் ஆளை அறுத்துவிடுவார். ஆனால் உதவி என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருகிற மனுஷன். நான் தலையைத் திருப்பியபோது அவர் எங்கள் ஏணியில் பாதி ஏறிவிட்டிருந்தார். கையில் பேட்டரி கிரைண்டர்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கிரைண்டரைக் கையில் எடுத்தவன் தகட்டில் வைப்பதற்கு முன் ஒருமுறை சும்மா அழுத்தி ஓடவிட்டுப் பார்ப்பான். வீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. யாரும் யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாக அழுத்தும். நானும் அப்படித்தான்.

ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினேன். என் மூட்டு வலி எங்கே போனதோ தெரியவில்லை. நான் ஏணியில் தாவி ஏறும்போது தச்சர் எஞ்சின் பொந்துக்குள் இறங்கி, “பயப்படாதீங்க சார், ரெண்டு நிமிஷ வேலை” என்று குனிந்துகொண்டிருந்தார். அவர் ஆள்காட்டி விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

“அழுத்தாதே! பெட்ரோல்! உள்ள பெட்ரோல்!”

முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும். தச்சர் அப்படியே உறைந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விலக்கி, கிரைண்டரை வாங்கி, மேலே எறிந்துவிடாமல் இருக்க என்னை நானே அடக்கிக்கொண்டு, மெதுவாக வெளியே கொண்டுபோய் ஏணிக்கடியில் வைத்தேன்.

திரும்பி வந்தபோது ரம்பம் முதல்முறையாகப் பேச்சில்லாமல் நின்றார். பலகைக்கு அடியிலிருந்து சகலையின் முகம் பாதி திரும்பியிருந்தது. ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது.

“பெட்ரோலா?”

“ஆமா.”

“இப்ப என்ன பண்ணணும்?” என்று மட்டும் கேட்டார்.

“தண்ணி விடப்போறேன். டேங்க் ரொம்பும். ஆவி உங்க முகத்துப் பக்கமாத்தான் வரும். இந்த ஈரத்துணியைக் கட்டிக்குங்க. மூச்சை மெதுவா விடுங்க.”

“சரி. கப்பு கொதிக்குது. புகையுது.”

தச்சர் ஓடிப்போய் ஹோஸை இழுத்து வந்தார். அதன் நுனியை மேல்தளத்தில் டீசல் ஊற்றும் வாயில் செருகினோம். தண்ணீர் உள்ளே விழும் சத்தம் கேட்டது. தொண்ணூறு லிட்டர் டேங்க். அந்தக் குழாய் மூத்திரம் போகிற மாதிரி வந்தது. நான் சகலையின் தலைமாட்டில் நெருக்கி உட்கார்ந்து, அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. புகையினாலா, வேறு எதனாலா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லத் தயாராக இல்லை.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

போனால் தீப்பற்றுமா? பற்றாது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது அடித்து ஓயும்வரை நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

“நீங்க மேல போங்க” என்றார் சகலை. “மூணு பேரும் எதுக்கு இங்க?”

“தச்சரே, நீங்க எறங்கிடுங்க” என்றேன். அவர் மேல்தளம் வரைதான் போனார், அதற்கு மேல் நகரவில்லை.

“உங்களையும்தான் சொன்னேன்.”

“நான் எங்கயும் போகல. பேசாம படுங்க.”

தண்ணீர் கப்பைத் தொட்டபோது உள்ளே ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் அவர் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் என்ன வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. “ஒண்ணும் ஆகாது, தம்பி, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். தச்சர்தான் பிறகு சொன்னார்.

“ஆறிடுச்சு” என்றார் சகலை சிறிது நேரம் கழித்து. “சூடு இல்ல. தண்ணி முழங்கைக்கு மேல வந்துடுச்சு.”

ஓட்டை வரை நிரம்பி வழிந்த பிறகுதான் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். தச்சர் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு புட்டி முழுக்கக் கவிழ்த்தார். பேண்டேஜின் மேல் முனை தோளருகே இருந்தது. அதைப் பிரித்து, ஓட்டைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டு, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். ஆறு சுற்று வந்தது. அதற்குமேல் விரல் எட்டவில்லை. மிச்சத்தை மெதுவாக இழுத்தேன். சோப்பில் ஊறிய துணி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வந்தது. திடீரென்று சுருணை மொத்தமும் விட்டது.

கை வெளியே வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. கையுறை உருகி இரண்டு விரலில் ஒட்டியிருந்தது. ஐந்து விரலும் அசைந்தன. அவற்றை அசைத்து அசைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

ஒரு வார வேலை தண்ணீரோடு போயிற்று. பூசிய எபாக்ஸி இறுகுவதற்குள் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து அதைப் பாழாக்கிவிட்டன. கிரேன்காரனிடம் போய்ச் சொல்வதாகத் தச்சர் கிளம்பினார். அவர் போன பிறகு மேல்தளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். சகலை அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“துணி ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டு, நான் எழுவதற்குள் இடது கையால் கருவிப் பெட்டியைத் திறந்தார். துணியை எடுத்தார். பிறகு இன்னொரு பொருளையும் எடுத்து, பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் வைத்தார். பிரிக்காத கட்டிங் வீல் பாக்கெட்.

“மூணு தடவை கேட்டேன்” என்றார். “ஏன் சொல்லல?”

யோசிக்காமலே பதில் வந்துவிட்டது. “நீங்க கேட்டீங்க, அதனாலதான். வேற யாரு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.”

அவர் தலையாட்டினார். விலைப் பட்டியல் கேட்பவர் மாதிரி.

என் போன் அடித்தது. அக்கா. என் மனைவியின் அக்கா, அவர் மனைவி. சகலையைப் பார்த்தேன். எடுங்கள் என்று கண்ணைக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அவரு போனை எடுக்கல. அந்த டேங்குக்குள்ள கைய விடப்போறேன்னாரு, காலையிலேருந்து மனசே சரியில்ல. நீங்க கூட இருக்கீங்கல்ல? அதான், சின்னவரு பக்கத்துல இருக்காரு, ஒண்ணும் ஆகவிடமாட்டாருன்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

சகலை எனக்காகப் பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அவரு நல்லா இருக்காரு. கையில காயம், ஆனா பயமில்ல” என்றேன். “நான்தான் காரணம். நேத்து பெட்ரோல் ஊத்தி டேங்கைக் கழுவினேன். அவரு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் இல்லைன்னேன். கை மாட்டிக்கிச்சு. ஒரு பொறி பட்டிருந்தா ரெண்டு பேருமே இல்ல.”

என் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. முடிந்தது, சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

சகலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காயம்படாத கையால் அந்தப் பாக்கெட்டை பெஞ்சின் மேல் என் பக்கமாக மெதுவாகத் தள்ளினார்.

“இன்னொண்ணும் இருக்கு, அக்கா” என்றேன்.